லாயாங் லாயாங்கில் எனக்கு ஒரு சின்னம்மா

போன மாதம், கல்லூரியில் படிக்கும் மகளைப் பார்க்க ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் புது மின்சார ரயிலில் போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு காதிலும் வெள்ளையாக எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கூலாய் தாண்டியதும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். பண்டான் இலை வாசனை குப்பென்று அடித்தது. தேங்காய்த் துருவலில் புரட்டிய பச்சை உருண்டைகள், உள்ளே வெல்லப்பாகு இருக்கும், 'ஒண்டே ஒண்டே' என்பார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்பாள், முதல் தடவை "ஐயோ, வேணாம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன். அவள் ஆறு உருண்டையையும் தானே தின்று, விரலைத் துடைத்து, டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அவள் பலகாரம், அவள் தின்றாள். இதில் எனக்கென்ன கோபம் என்று கேட்டால் நியாயம்தான். ஆனாலும் வந்தது. கோபத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினேன். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். அதில் லாயாங் லாயாங் என்ற பெயர்ப்பலகை வந்தது, போனது. அவ்வளவுதான். நல்ல வேகம்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே பாதையில் ஒரு மதியம், ஒரு மலாய் அம்மா இதே பலகாரத்தை ஒன்பது எண்ணிக்கை என்னைத் தின்ன வைத்தார். வேண்டாம் என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. அன்று அந்தப் பெட்டியில் இருந்த யாருடைய காதிலும் நான் சொன்னது விழவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. மாப்பிள்ளை மலேசியா என்றதும் வீட்டில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான், பொய் சொல்வானேன். காலண்டரில் பார்த்த உயரமான கட்டடங்களுக்கு நடுவே குடித்தனம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து இறங்கிய இடம் ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாய். பக்கத்தில் பாசிர் கூடாங். ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரியும், காற்று திரும்பினால் அழுகிய முட்டை வாசனை வரும். என் வீட்டுக்காரர் அங்கே ஓர் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று தீபாவளி.

ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் குடித்தனம் செய்து பார்த்திருக்கிறீர்களா? குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்தது ராத்திரி. அந்த அட்டவணைதான் வீட்டுக்கு மாமியார். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து படுத்தால் நாலு மணி வரை தூக்கம். அதுவரை வீட்டில் கரண்டி கீழே விழக்கூடாது, வாளியை இழுக்கக்கூடாது. குக்கர் வைக்கவே கூடாது. ஒற்றைப் படுக்கையறை வீடு, விசில் அடித்தால் தூக்கம் போய்விடும். நான் குக்கரில் பருப்பு வேகவைத்துப் பழகிய கை. பானையில் போட்டு மணிக்கணக்காக அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். பேச ஆள் கிடையாது. ஐந்து மாதத்தில் என் குரலே எனக்கு மறந்துவிடும் போல ஆகிவிட்டது.

ஒரு நாள் வேண்டுமென்றேதான் குக்கரை வைத்தேன். நாலு விசில். அவர் எழுந்து வந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தது. "உங்க ஊருல எல்லாரும் இப்படித்தான் சத்தம் போட்டுக்கிட்டே இருப்பீங்களா?" என்றார். திட்டக்கூட இல்லை, கேட்டார், கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அடுப்பை அணைத்தேன். பாஸ்போர்ட்டையும் நாலு புடவையையும் பையில் திணித்தேன். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு ஓடும்போதுகூட சத்தம் போடாமல்தான் ஓடினேன், பாருங்கள், அவ்வளவு பழக்கிவிட்டார்கள்.

திட்டம் இதுதான். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு, ஊருக்கே திரும்பிவிடுவது. திரும்பிய பிறகு மறுபடி மாசாய் என்ற பேச்சே கிடையாது. பஸ் பிடித்து ஜொகூர் பாரு வந்தால் நேராகப் போகும் ரயில் போய்விட்டிருந்தது. எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் டீசல் வண்டி ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. கிம்மாஸ் வரை அதில் போய் அங்கே வண்டி மாறிக்கொள்ளலாம் என்றார்கள். ஏறி உட்கார்ந்தேன்.

எதிரில்தான் அந்த மலாய் அம்மா. அந்த வயது மலாய்ப் பெண்களை மாக்சிக் என்றுதான் கூப்பிட வேண்டும், அது எனக்கு அப்போது தெரியாது. பரிசோதகர் வந்து என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து "கிம்மாஸ்" என்று சத்தமாகப் படித்துவிட்டுத் தந்தார். மாக்சிக் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தாரோ என்னவோ, டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு "மக்கான், மக்கான்" என்று ஆரம்பித்துவிட்டார். சாப்பிடு என்பது மட்டும் எனக்குப் புரியும். ஒன்று எடுத்தேன். அது போதாதாம். அழுதுகொண்டே வெல்லப்பாகு விழுங்குவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் கண்டேன்.

கெம்பாஸில் ஒரு தமிழர் ஏறினார். ஐம்பதைத் தாண்டியவர். காவலாளி நீலச் சட்டை, கையில் வலைப்பை நிறைய ரம்புத்தான் பழம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு என் பையைத் தூக்கி மேலே வைத்தார், வெயில் படுகிறது என்று என்னை இடம் மாற்றினார், ஜன்னலை இறக்கினார், தூசி வருகிறது என்று மறுபடி ஏற்றினார். ஒன்றையும் நான் கேட்கவில்லை.

"நான் பாசிர் கூடாங்ல ஜாகா வேல மா. கேட்டுல நிப்பேன். உள்ள போற ஆளு, வெளிய வர்ற ஆளு எல்லாரையும் தெரியும் எனக்கு. நீங்க எந்தப் பக்கம்?"

எனக்குத் திக்கென்றது. எந்த கேட்டில் நிற்கிறாரோ, என் வீட்டுக்காரர் தினமும் போய்வரும் வாசலாக இருந்துவிட்டால்? இங்கே ஒரு தமிழரும் இன்னொரு தமிழரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் உறவு கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஐந்து மாதத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. கிம்மாஸ் என்று சொன்னால் அப்புறம் எங்கே, யார் வீடு, ஏன் தனியாக என்று கேள்வி நீளும். பக்கத்தில் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லி முடித்துவிடலாம் என்று பட்டது. சுவரில் ஒட்டியிருந்த ஸ்டேஷன் பட்டியலில் கண்ணில் பட்ட பெயரைச் சொன்னேன்.

"லாயாங் லாயாங்."

"அட, நம்ம ஊருப் பக்கம் லா! எந்தத் தோட்டம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இந்த நாட்டுத் தமிழருக்கு ஊர் என்பது முகவரி ஆகாது. அந்தக் காலத்து ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், அதில் எது, அதற்குள் எந்தப் பிரிவு, இவர்கள் பேச்சில் எந்த டிவிஷன், என்று சொன்னால்தான் ஆளுக்கு அடையாளம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து முப்பது வருடம் ஆனவரும் முதலில் அதைத்தான் கேட்பார். எனக்கு எந்தத் தோட்டம் தெரியும்? "சின்னம்மா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

"சின்னம்மா பேரு?"

"செல்வி."

செல்வி இல்லாத ஊர் உண்டா? நான் அந்த தைரியத்தில்தான் சொன்னேன். ஆனால் அவர் தொடையில் தட்டினார்.

"ரெண்டாம் டிவிஷன் செல்வி! என் மச்சான் அங்கதான் டிராக்டர் ஓட்டுறான். அவங்க ஆளுங்க ஊருல இருந்து வர்றாங்கன்னு சொல்லவே இல்லையே! சின்னம்மாவுக்கு நீங்க வர்றது தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவே என்னைக் கவிழ்த்தது.

"அலமாக்! அப்புறம் எப்படி மா போவீங்க? ஸ்டேஷன்ல இருந்து உள்ள ரொம்ப தூரம். ஆம்பளையே தனியா நடக்க மாட்டான்." பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவர் எண்ணை அழுத்திக்கொண்டே இருக்கிறார். "மச்சான், நான்தான். ரெண்டாம் டிவிஷன் செல்வி இருக்குல்ல, அதோட அக்கா மக ரயில்ல வருது. ஊர்ல இருந்து வந்திருக்கு, புதுசு, ஒன்னும் தெரியல. உடனே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. ஆமா, இப்பவே." கைப்பேசியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் அவ்வளவு திருப்தி. எனக்கு அவரை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாமா என்று இருந்தது.

ஒரு யோசனை செய்தேன். லாயாங் லாயாங் வரும்போது கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டால் வண்டி என்னையும் சேர்த்துக் கிம்மாஸ் கொண்டுபோய்விடும். ஆனால் அவர் கூலாயிலேயே இறங்க வேண்டியவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எனக்காக இறங்காமல் வந்துகொண்டிருந்தார். "உங்கள பத்திரமா ஒப்படைச்சிட்டு நான் அடுத்த வண்டியில திரும்பிக்கிறேன் மா. இது என்ன பெரிய விஷயம்" என்றார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு கழிப்பறையில் ஒளிய முடியுமா?

ஸ்டேஷன் வந்தது. என் பை அவர் தோளில். நான் எழுந்ததும் மாக்சிக் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "பெலும், பெலும்! கிம்மாஸ் பெலும்!" கிம்மாஸ் இன்னும் வரவில்லை என்கிறார். நான் அவரைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ, கையை விட்டார் அவர். ஜாகா அங்கிளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். மிச்சமிருந்த பலகாரத்தை டப்பாவோடு என் கையில் வைத்து அழுத்தினார். இதற்குள் அங்கிள் வாசலில் நின்று கார்டைப் பார்த்து "துங்கு! துங்கு!" என்று கத்தி வண்டியையே நிறுத்திவைத்திருந்தார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று எனக்கு வழி விட்டார்கள்.

நடைமேடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், புடவை மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. வேலையைப் போட்டுவிட்டு அப்படியே மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறாள். "இந்தா மா செல்வி, உன் அக்கா மக!" என்று அங்கிள் என்னை அவள் முன்னால் நிறுத்தினார். இதோ, இப்போது சொல்லப்போகிறாள். யார் இவள், எனக்குத் தெரியாதே என்று. பெட்டி ஜன்னல்களில் எல்லாத் தலையும் எட்டிப் பார்க்கிறது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கிட்டே வந்து என் தலையைத் தடவினாள்.

"ஏன்டி இப்படி எளச்சிட்ட? வா, வீட்டுக்குப் போலாம்."

அங்கிளுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். கோபமாகத்தான் கும்பிட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் பத்து நிமிடம் மோட்டார் சைக்கிள் ஓடியது. வீட்டு வாசலில் இறங்கியதும் நானே ஆரம்பித்தேன். "மன்னிச்சிருங்க, நான் வந்து..." அவள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு அக்காவே கெடயாது. கூடப் பொறந்தது எல்லாம் அண்ணன் தம்பிதான். டிராக்டர் ஓட்டுறவரு வந்து சொன்னதும் சிரிச்சிட்டேன். அப்புறம் யோசிச்சேன். யாரோ ஒரு பொண்ணு பொய் சொல்லியிருக்கு. சும்மாவா சொல்லும்? சரி, போய்ப் பாப்போம்னு வந்தேன். மொகத்த கழுவு. சோறு இருக்கு."

கருவாட்டுச் சம்பலும் கங்குங் கீரையும். ஒன்பது உருண்டைக்கு மேல் எப்படி அவ்வளவு சோறு இறங்கியது என்று தெரியவில்லை. சாப்பிட்டதும் அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன். அவள் எழுப்பியபோது மூன்றரை இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து என் பையின் அறுந்த வாருக்குக் கயிறு போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வண்டி இருக்கு. நாலு மணிக்கு ஒன்னு ஜொகூர் பக்கம் போவும். அஞ்சு மணிக்கு ஒன்னு கிம்மாஸ் பக்கம் போவும். எதுல ஏறணும்னு சொல்லு, ஏத்தி விடுறேன். ரெண்டுலயும் ஏற வேணாம்னா இங்க இரு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

யோசித்துப் பாருங்கள். கல்யாணத்தை அப்பா முடிவு செய்தார். சமையலை ஷிப்ட் அட்டவணை முடிவு செய்தது. எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்பதை ஒரு ஜாகா முடிவு செய்தார். எது வேண்டும் என்று என்னைக் கேட்டது அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கும்வரை அவள் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி வண்டி என்றேன். புருஷன் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அவர் நாலு மணிக்கு எழுந்திருப்பார். சமையலறையில் பார்ப்பார், பின்னால் கொடிக்கயிற்றுப் பக்கம் பார்ப்பார். அப்புறம் யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தெரியாமல் பனியனோடு நிற்பார். அது கண் முன்னால் வந்தது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. காலையில் அந்த வீட்டை விட்டால் மன்னார்குடி வரை எனக்குப் போக்கிடம் கிடையாது, அதனால்தான் ஒரேயடியாக ஓட வேண்டியிருந்தது. இப்போது எனக்கு லாயாங் லாயாங்கில் ஒரு சின்னம்மா இருந்தாள். ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். ஓடிவர ஓர் இடம் இருந்தால் வீட்டில் இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று அன்று எனக்குப் புரிந்தது.

செல்வி என்னை வண்டியில் ஏற்றி, எதிரில் இருந்த சீனப் பெரியவரிடம் மலாயில் ஏதோ சொல்லி ஒப்படைத்தாள். அக்கா மகள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஜொகூர் பாரு வரை என் பையைத் தன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார், இறங்கியதும் டாக்சி வரை வந்து ஏற்றிவிட்டார். வண்டி நகரும்போது செல்வி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "சண்ட வந்தா வா. சண்ட வராட்டியும் வா."

வண்டி வழியில் தாமதமாகி, நான் வீடு வந்தபோது ராத்திரி ஆகிவிட்டது. தெருமுனையில் தொழிற்சாலைப் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஏறவில்லை. என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு, "பஸ் போயிருச்சு" என்றார். "தெரியுது" என்றேன். அன்று அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலிருந்த சாமான் அறைக்குக் குடிபோனார். "இனிமே நீ எத்தன விசில் வேணா வை" என்றார். அவர் கணக்கில் அது நீண்ட சொற்பொழிவு.

அதற்குப் பிறகு சண்டை வராமலா இருக்கும்? வந்தது. ஒவ்வொரு தடவையும் "இருக்கவே இருக்கு லாயாங் லாயாங்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். சொன்னதும் கோபம் பாதியாகிவிடும். அதனாலேயே போகவில்லை. வேலைக்குப் போனேன், மகள் பிறந்தாள், ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, கார் சாவியை எடுத்தார்.

போனோம். செம்மண் பாதைகள் ஒன்று போலவே இருந்தன. கடைத்தெருச் சாப்பாட்டுக் கடையில் விசாரித்தோம். "ரெண்டாம் டிவிஷனா? எந்தத் தோட்டத்து ரெண்டாம் டிவிஷன்? இங்க எல்லாத் தோட்டத்துக்கும் ரெண்டாம் டிவிஷன் இருந்துச்சு லா" என்றார் கடைக்காரர். வரிசை வீடுகளை இடித்துவிட்டார்களாம். ஆட்கள் கூலாய், ஸ்கூடாய் என்று அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்களாம். புருஷன் பேர் என்ன என்று கேட்டார், பிள்ளைகள் யார் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானோ என் துக்கத்திலேயே முழுகிக் கிடந்து அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சோற்றைத் தின்றேன், அவள் வீட்டில் தூங்கினேன், தோட்டத்தின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டோம். டிராக்டர் ஓட்டிய மச்சானும் அகப்படவில்லை. ஓய்வு பெற்ற ஜாகாக்களில் யாருக்கும் அந்த ரம்புத்தான் மனிதரைத் தெரியவில்லை. டீசல் வண்டியும் போய்விட்டது, அந்த மாக்சிக்கும் எங்கே இருக்கிறாரோ. அன்று அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் நான் செல்வியின் அக்கா மகள் என்று தெரியும். அதை ஆமாம் என்று சொல்ல இன்றைக்கு எனக்கு அவர்களில் ஓர் ஆள்கூட இல்லை.